நடுச்சுவர்க் குழாய்

தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கடைத்தெருவில் உள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, லென்சுகளை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. தேய்க்கும் சக்கரத்தின் மேல் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீருக்கு அடியில் லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் மழுங்கி, யாரோ ஒருவருடைய கண்ணுக்கு உரியதாக மாறும். யாருடைய கண் என்று அவளுக்குத் தெரியாது. இதைப் போட்டுக்கொண்டு இந்த மனிதர் முதலில் எதைப் பார்ப்பார், மனைவியின் முகத்தையா, பஸ் நம்பரையா என்று யோசிப்பாள். யோசனை அவளை இழுத்துக்கொண்டு எங்கேயோ போய்விடும். "கூப்பிடறது காதுல விழுதா பாரு. அம்மா கிளம்பிட்டாங்க" என்று முன்னறையிலிருந்து கடைக்கார அம்மா சிரிப்பாள்.

சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். பால் பொங்கி அடுப்பே அணைந்த பிறகுதான் பால் வைத்தது ஞாபகத்துக்கு வரும். "ஜன்னல் சீட் கிடைச்சா நீ வீடு வந்து சேர மாட்டே" என்று கணவன் கேலி செய்வான். அவன் தொலைதூரம் லாரி ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான், மிச்ச நாளைத் தூங்கிக் கழிப்பான். குழந்தை இல்லை. ஆகவே வீட்டில் பெரும்பாலும் அவளும், அவளுடைய யோசனையும், சுவருக்குள் இறங்கும் தண்ணீரின் சத்தமும்தான்.

அந்த வீடு ஒரு காலத்தில் ஒரே வீடாக இருந்தது. மாமனார் போன பிறகு அண்ணனும் தம்பியுமாக அதை இரண்டாக்கினார்கள். சண்டை ஒன்றும் வந்துவிடவில்லை, பிற்பாடு வந்துவிடக் கூடாதே என்றுதான். வீட்டின் பின்பாதியில் ஏற்கெனவே இருந்த சுவரை அப்படியே வாசல் வரைக்கும் நீட்டினார்கள். கூடம் இரண்டானது, வாசல் இரண்டானது, பின்கட்டு இரண்டானது. குழாயை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. மாடித் தொட்டியிலிருந்து பழைய சுவருக்குள்ளேயே இறங்கிய இரும்புக் குழாய், கீழே வந்து, வலது பக்கம் ஒரு கிளையை இவள் சமையலறைக்கும், இடது பக்கம் ஒரு கிளையை ஓரகத்தியின் சமையலறைக்கும் கொடுத்தது.

ஓரகத்தி என்றால் மூத்தவரின் மனைவி, பெரியவள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பவள். நல்ல உயரம், நல்ல குரல், ஆனால் பாட்டில் சுருதி மட்டும் சேராது. ஏதோ ஒரு பாட்டின் பாதியை எடுத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அந்தப் பாதியிலேயே சுற்றிச் சுற்றி வருவாள். குழாய் வழியாக இந்தப் பக்கம் கேட்கும். மீதிப் பாதி என்னவாக இருக்கும் என்று கண்ணாடிக்காரி எத்தனையோ முறை தன் மனதுக்குள் பாடி முடித்திருக்கிறாள்.

இரண்டு பெண்களும் பேசிக்கொள்வதில்லை.

அதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். சுவர் வந்த மறுவருஷம் கண்ணாடிக்காரி உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம் தங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தவளைப் பார்க்கப் பெரியவள் வந்தாள். தலைமாட்டில் நின்றாள். என்னென்னவோ சொல்ல வந்தவள் போல நின்றுவிட்டு, "அடுத்த தடவையாவது ஜாக்கிரதையா இரு" என்றாள். அவ்வளவுதான். ஆறுதலாக வேறொரு காதில் விழுந்திருக்கக்கூடிய அந்தச் சொல், படுத்திருந்தவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்த தடவை வரவே இல்லை. வராமல் போகப் போக, அந்த முள் உள்ளேயே புரையோடிப்போனது. பெரியவள் இரண்டு முறை வலிய வந்து பேசினாள். பதில் வராததால் அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் ரோஷம் உண்டே. பெரியவளின் மகள் அப்போது எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, வெளியூர் போய்ச் சேர்ந்தும் ஆகிவிட்டது. லாரிக்காரன் மட்டும் ஊரில் இருக்கும்போது அண்ணன் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தான்.

ஆனால் குழாய் பேசாமல் இருக்குமா? பெரியவள் அந்தப் பக்கம் திறந்தால், இந்தப் பக்கம் தண்ணீர் நூலாக இளைத்துவிடும். இவள் மூடினால் சுவருக்குள் 'டக்'கென்று ஒரு அடி விழும். அங்கே குளிக்கிறார்கள், இங்கே துணி அலசுகிறார்கள், யாருக்கோ காய்ச்சல் போல, அதிகாலையிலேயே குழாய் ஓடுகிறது என்றெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு மரியாதை வளர்ந்திருந்தது. அங்கே திறந்திருந்தால் இவள் காத்திருப்பாள். இங்கே திறந்திருந்தால் அவள் காத்திருப்பாள். தையல் மிஷினின் ஓட்டமும், மூத்தவரின் இருமலும் குழாயில் தொற்றிக்கொண்டு வரும். போன வருஷம் ஒருநாள் இருமல் சத்தம் கேட்கவில்லை. அன்று கண்ணாடிக்காரி அந்த வாசலுக்குப் போனாள். வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள், செருப்புகளை ஒதுக்கி வைத்தாள். பெரியவளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பாட்டும் குறைந்துபோயிற்று. மிஷின் மட்டும் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் தண்ணீர் சிவப்பாக வர ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும், கலங்கலாக. பிறகு நாள் முழுக்க. வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பாயிற்று. நடுச்சுவரில் ஓதம் ஏறி, ஈரம் பெரிய மேகம் போலப் படர்ந்தது. கண்ணாடிக்காரிக்கு அதைப் பார்த்தால் மேகமாகத்தான் தெரிந்தது. டம்ளரும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் மேகத்திலிருந்து ஒரு பொருக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து டம்ளருக்குள்ளேயே விழுந்த பிறகுதான் குழாய்க்காரருக்குச் சொல்லி அனுப்பினாள்.

குழாய்க்காரருக்கு ஊரில் பெயர் அவசரம். அவரைக் கூப்பிடுகிற எல்லோரும் "கொஞ்சம் அவசரம்" என்று சொல்லிக் கூப்பிட்டதில் ஒட்டிக்கொண்ட பெயர். மனிதர் மட்டும் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வந்து சுவரைத் தடவினார். விரலால் அழுத்தியதும் விரல் உள்ளே போனது.

"குழாய் இருக்கிற மாதிரி தெரியுது, ஆனா இல்ல. துருவே ஒண்ணுக்கொண்ணு பிடிச்சிக்கிட்டு நிக்குது. மேலருந்து கீழ வரைக்கும் பிளாஸ்டிக் போட்டுடலாம்."

"போடுங்க."

"போடலாம். வால்வு அந்தப் பக்கம்ல இருக்கு? அடைக்கணும். அவங்க பக்கமும் சேர்த்துதான் உடைக்கணும். அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கண்ணாடிக்காரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நீங்களே சொல்லிடுங்களேன்" என்றாள். கணவன் வண்டியோடு எங்கேயோ போயிருந்தான். அவன் வரும்வரை காத்திருந்தால் சுவரே இருக்காது.

அவசரம் அந்த வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தார். "சரின்னுட்டாங்க. அவங்க பக்கம் இன்னும் மோசம். தைச்சு வெச்ச துணியையெல்லாம் கட்டில் மேல ஏத்தி வெச்சிருக்காங்க."

வேலை தொடங்கிய நாளில் கண்ணாடிக்காரி லீவு போட்டாள். வால்வை அடைத்ததும் வீடே மூச்சை நிறுத்திக்கொண்டது போல இருந்தது. இத்தனை வருஷம் சுவருக்குள் ஏதாவது ஒன்று சொட்டிக்கொண்டோ, ஓடிக்கொண்டோ, முனகிக்கொண்டோ இருந்திருக்கிறது. அது நின்றபோதுதான் அது இருந்ததே தெரிந்தது. வாளிகளிலும் அண்டாக்களிலும் பிடித்து வைத்த தண்ணீரில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, கூரையில் வலை வலையாக ஆடியது. உளிச் சத்தத்தோடு எழுந்த தூசி கீழே இறங்க மனமில்லாமல் வெயிலில் மிதந்தது. அவள் ஒரு மூலையில் குந்தி அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது மாதிரி ஒரு சுகம்.

மத்தியானம் போல அவசரத்தின் உளி வழுக்கியது. ஊறிப்போன செங்கல் ஒன்று அந்தப் பக்கமாக விழுந்தது. அதைத் தொடர்ந்து பக்கத்துச் செங்கல்களும் ஒவ்வொன்றாக நழுவின. தூசி அடங்கியபோது சுவரில் ஒரு ஓட்டை, ஒரு முகம் தெரிகிற அளவுக்கு.

அந்த ஓட்டைக்குள் வேறொரு சமையலறை தெரிந்தது. அங்கே சுவர் மஞ்சளாக இருந்தது. எப்போது மஞ்சள் அடித்தார்கள் என்று இவளுக்குத் தெரியாது. ஒரு ஆணியில் அளவுநாடா தொங்கியது. பிறகு ஒரு கை வந்தது, விழுந்த செங்கலை எடுத்தது. பெரியவளின் கை. கொஞ்சம் மெலிந்திருந்தது.

"ஏம்ப்பா, இதை மூடிடுவே இல்ல? அவங்க வீட்டுக்குள்ள எனக்கு என்ன வேடிக்கை?" என்றது குரல்.

"மூடிடுவேன்மா."

"எந்த இடத்துல குழாய் வரணும்னு அவங்களைக் கேட்டுக்கோ. பிற்பாடு என்மேல பழி வரக்கூடாது."

அவசரம் இந்தப் பக்கம் திரும்பினார். "அவங்க கேக்கறாங்க..."

"எனக்குக் காது கேக்குது" என்றாள் கண்ணாடிக்காரி. "எங்க வேணா வரட்டும்னு சொல்லுங்க. அவங்க மிஷினுக்குத் தொந்தரவு இல்லாம இருந்தா போதும்."

அவசரம் அந்தப் பக்கம் திரும்பினார். "அவங்க சொல்றாங்க, உங்க மிஷினுக்கு..."

"கேட்டுச்சு. என் மிஷினைப் பத்தி அவங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. அவங்க அலமாரி அங்கதானே இருக்கும், அதுக்கு இடிக்காம பாத்துக்கச் சொல்லு."

"அலமாரியை எடுத்துப் பல வருஷம் ஆச்சுன்னு சொல்லுங்க."

அவசரம் உளியைக் கீழே வைத்தார். "இங்க பாருங்கம்மா, எனக்குக் குழாய் வேலை தெரியும். தபால்காரன் வேலை தெரியாது. வளைவுக்கு ரெண்டு எல்போ குறையுது, நான் போய் வாங்கிட்டு டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள குழாய் எங்க வரணும்னு ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருங்க." அவர் சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டது. அவருடைய டீ எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஊருக்கே தெரியும்.

பாதி அறுத்த இரும்புக் குழாய் ஓட்டைக்கு நடுவில் நின்றது. உள்ளே துரு படிந்து, ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு அடைத்துக்கொண்டிருந்தது. இத்தனை சின்ன வழியிலா நம் இரண்டு வீட்டுத் தண்ணீரும் வந்தது என்று கண்ணாடிக்காரி அதையே பார்த்தாள். நிமிர்ந்தபோது அந்தப் பக்கம் பெரியவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடி நன்றாக வெளுத்திருந்தது. மூக்கில் ஒரு பழைய கண்ணாடி, காதில் மாட்டும் ஒரு பக்கக் காம்பு நூலால் கட்டியிருந்தது.

"காம்பு உடைஞ்சிருக்கு" என்றாள் கண்ணாடிக்காரி. தொழில் புத்தி. வாய் தவறி வந்துவிட்டது.

பெரியவள் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமா. அவர் போறதுக்கு முன்னாடியே உடைஞ்சுது."

பிறகு பெரியவள் ஓட்டையின் விளிம்பில் இருந்த செங்கல் தூளை விரலால் ஒதுக்கிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"நீ குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவே. அந்த வருஷம் முழுக்க. தண்ணி சத்தத்துல கேக்காதுன்னு நினைச்சிட்டிருப்பே. இங்க எல்லாம் கேக்கும்."

கண்ணாடிக்காரி அறுபட்ட குழாயின் விளிம்பை விரலால் தடவினாள்.

"நான் அப்போ பாத்திரத்தை அப்படியே போட்டுட்டு நின்னுடுவேன். எங்க பக்கம் திறந்தா உனக்குத் தண்ணி குறைஞ்சிடுமே, சத்தம் குறைஞ்சிடுமேன்னு. அப்புறம் குழாயைத் தட்டுவேன். கரண்டியால. நான் இங்க இருக்கேன்னு தெரியட்டும்னு. உனக்குக் கேக்கவே இல்லையா?"

"கேட்டுச்சு" என்றாள் கண்ணாடிக்காரி. "குழாய்ல காத்து அடைச்சிருக்குன்னு நினைச்சேன்."

பெரியவள் அவளை உற்றுப் பார்த்தாள். "காத்தா?"

"ஆமா. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னேன், குழாய் தட்டுது, ஆள் கூப்பிட்டுப் பாக்கணும்னு."

"அடிப்பாவி. தட்டித் தட்டி என் கரண்டியே வளைஞ்சு போச்சுடி."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பு வந்ததும் தூசி தொண்டையில் ஏறி இரண்டு பேரும் இருமினார்கள். இருமல் நின்றபோது பெரியவளின் முகம் ஓட்டையில் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் போல. குரல் மட்டும் கீழேயிருந்து வந்தது.

"அன்னிக்கு உன்கிட்ட என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நர்ஸம்மா அதைத்தான் சொன்னாங்க, உன்கிட்ட சொல்லச் சொல்லி. அதையே ஒப்பிச்சிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சேன், நூறு வார்த்தை வந்துச்சு. எல்லாம் அப்புறமா வந்துச்சு."

கண்ணாடிக்காரியும் தன் பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுவர் குளிர்ச்சியாக, ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் அதே இடத்தில் ஒரு முதுகு சாய்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. ஏதோ ஓர் ஆற்றின் அடியில் உட்கார்ந்திருக்கிறோம், மேலே படகுகள் போகின்றன என்று தோன்றியது. இத்தனை நாள் சுமந்த கோபம் எங்கே என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் அதை எடுத்துக் காட்டத் தோன்றவில்லை.

"நூறுல ஒண்ணைச் சொல்லுங்கக்கா" என்றாள்.

அக்கா என்ற சொல் வாயில் புதிதாக இருந்தது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"இப்போ ஒண்ணும் ஞாபகம் வரலைடி."

அவசரம் டீ குடித்து முடித்து வந்தபோது, ஓட்டை வழியாக ஒரு பழைய கண்ணாடி இந்தப் பக்கம் வந்திருந்தது. கண்ணாடிக்காரி அதை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குழாய் எங்க வரணும்னு முடிவாச்சா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சே மறந்து போயிருந்தது. "உங்க இஷ்டம்" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு எல்போவை எடுத்தார்.

பழைய குழாயைத் துண்டு துண்டாக வெளியே எடுத்து வாசலில் போட்டார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் மேலிருந்து கீழே வந்து, இரண்டு வீட்டுக்கும் இரண்டு கிளை பிரிந்தது. பசை காய்வதற்காக ஒரு நாள் பொறுத்துத் தண்ணீரைத் திறந்தார். தெளிவான தண்ணீர், இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் கொட்டியது. ஒருவர் திறந்தால் இன்னொருவருக்குக் குறையவே இல்லை. கொத்தனார் வந்து ஓட்டையை அடைத்து, பூசி, நீவி விட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரி சமையலறையில் டீ போட்டுக்கொண்டு நின்றாள். சுவரில் காதை வைக்காமலே தெரிந்தது, ஒன்றுமே கேட்கவில்லை என்று. பாத்திரச் சத்தம் இல்லை, மிஷின் இல்லை, பாட்டு இல்லை. பிளாஸ்டிக் எதையும் கடத்தவில்லை. தண்ணீர் போவதுகூடத் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் இறங்கி, அடுத்த வாசல்படியேறி, கதவைத் தட்டினாள்.

பெரியவள் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தாள். "என்னடி?"

"ஒண்ணுமில்ல. சத்தமே கேக்கல."

"பல்லு விளக்கறப்போ என்ன சத்தம் போடச் சொல்றே?"

"இல்ல... உங்களுக்கு உடம்பு ஏதாச்சும்னு..."

பெரியவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உள்ள வா. வாசல்ல நிக்காதே" என்று சொல்லிவிட்டு வாயைக் கொப்பளிக்கப் போனாள். கண்ணாடிக்காரி உள்ளே போய் அந்த மஞ்சள் சமையலறையில் நின்றாள். தன் வீட்டையே கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் இடம் வலம் மாறி இருந்தது. அன்று கடைக்கு நேரம் கழித்துத்தான் போனாள். போகும்போது தன் வீட்டைப் பூட்டவே மறந்துவிட்டாள்.

அப்படித் தொடங்கிய பழக்கம் நிற்கவில்லை. சாயங்காலம் கடைவிட்டு வந்தால் எந்த வாசலில் ஏறுவது என்பது அன்றன்றைய கால்களின் முடிவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவள் பொத்தான் தைக்கும் வேலையை மடியில் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். இவள் கூடத்தில் காற்று நன்றாக வரும். நிறையப் பேசுவார்கள் என்று சொல்ல முடியாது. சில நாள் ஒருத்தி பொத்தான் தைப்பாள், மற்றவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவாள். "எங்கடி போயிருக்கே?" என்று கேட்டால், "சும்மா, ஆத்துக்கு" என்பாள். பெரியவள் மேற்கொண்டு கேட்க மாட்டாள். ஒருநாள் அந்தப் பாட்டின் மீதிப் பாதியைப் பாடிக் காட்டச் சொன்னாள் கண்ணாடிக்காரி. பெரியவளுக்கு அப்படி ஒரு பாதி இருப்பதே தெரியவில்லை. "அவ்வளவுதான்டி பாட்டு" என்றாள்.

லாரிக்காரன் அந்தத் தடவை நெடும்பயணம் போயிருந்தான். குழாய் மாற்றிய விஷயம் ஃபோனில் தெரியும். மற்றதை மனைவி சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்று தெரியாமல். ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் வந்து இறங்கினான். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கூடம் முழுக்க வெள்ளையும் நீலமுமாகத் துணிக் குவியல். அதன் நடுவில் அவன் அண்ணி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய புடவைத் தலைப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு அவன் மனைவியும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் சத்தமில்லாமல் பின்வாங்கினான். வெளியே போய்க் கதவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். தன் வீடுதான் என்று உறுதி செய்துகொண்டு மறுபடி உள்ளே வந்தபோது, அண்ணி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"வந்துட்டியா தம்பி? அந்த ஃபேனைக் கொஞ்சம் ஜாஸ்தியா வை" என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டாள்.

அவன் ஃபேனைக் கூட்டி வைத்தான். துணியை மிதித்துவிடாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே, சுவரோரமாக உட்கார இடம் தேடினான்.